ராகவன் சார் சேர்த்த பாயிண்டுகள்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு டிராவல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவள். டெஸ்க் என்பது பெயருக்குத்தான். இப்போது எல்லோரும் அவரவர் கைப்பேசியிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள். ஏதாவது தப்பானால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே என்று அவளை வைத்திருக்கிறார்கள். "ஆன்ட்டி, விமானத்துல பறந்து பறந்து சேர்க்கிற பாயிண்ட்டை இங்க யாரும் செலவே பண்றதில்ல. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிறாங்க. உங்க காலத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

எங்கள் காலத்தில் ஸ்கிரீன்ஷாட் இல்லை. அதனால் ராகவன் சார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் சாந்தி. பிறந்து வளர்ந்தது புனே பக்கத்தில் தேஹு ரோடு. அப்பாவுக்கு ராணுவக் கிடங்கில் வேலை, சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் சேர்ந்தேன். முதலாளி ரூஸி சேட் என்ற பார்சிக்காரர். அப்போது விமான டிக்கெட்டைக் கையால் எழுதுவோம். ஓர் எழுத்து பிசகினால் அந்த டிக்கெட் செல்லாது. சேட் ஒவ்வொரு டிக்கெட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வைரம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அவர் சொல்லிக் கொடுத்த பாடங்களில் பெரியது மைல் கணக்கு. பம்பாயிலிருந்து நியூயார்க் போக ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு இத்தனை மைல் வரை சுற்றிப் போகலாம் என்று தடித்த புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் நீங்கள் ரோமிலும் இறங்கலாம், லண்டனிலும் இறங்கலாம். தாண்டினால்தான் கூடுதல் கட்டணம். "நேர் வழி போறதுக்கு ஏஜென்ட் எதுக்கு டிக்ரி? சட்டத்துக்குள்ள எவ்வளவு கோணலாப் போகலாம்? அது தெரிஞ்சவதான் ஏஜென்ட்" என்று அவருடைய பார்சி இந்தியில் சொல்வார். டிக்ரி என்றால் அவர்கள் பாஷையில் மகளே. நான் அதை வெறும் தொழில் பாடமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய கோணல்கள் புனேயின் இன்னொரு கோடியில், ஹடப்சரில் காத்திருப்பது அப்போது தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏஜென்சிகள் இளைக்க ஆரம்பித்தன. ஹடப்சரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தனக்கென்று டிராவல் டெஸ்க் வைக்க ஆள் தேடியது. போய்ச் சேர்ந்தேன். தினமும் தேஹு ரோட்டிலிருந்து லோக்கல், புனே ஸ்டேஷனிலிருந்து பஸ். அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புவது என் வேலை. ஆபீஸ் போய்ச் சேருவதுதான் நெடும்பயணம்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ராகவன் சார். வைஸ் பிரசிடென்ட். மயிலாப்பூரிலிருந்து புனே வந்தவர். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார், யாரிடமும் 'வாங்கோ போங்கோ' என்றுதான் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், பாயிண்ட். ஒரு குறிப்பிட்ட விமான கம்பெனியின் தங்க அட்டை வைத்திருந்தார். அட்டையோடு கொடுத்த தங்க நிறப் பட்டியை லேப்டாப் பையில் மாட்டியிருப்பார். அந்தப் பையை கான்டீனுக்கும் தோளில் போட்டுக்கொண்டு வருவார். லேப்டாப் மேஜை மேல் இருக்கும், பை மட்டும் சாப்பிட வரும்.

வியாழக்கிழமை மத்தியானம் நோட்டோடு என் மேஜைக்கு வருவார். கட்டம் போட்ட நோட்டு. தேதி, எங்கிருந்து, எங்கே, எத்தனை மைல், அதற்கு எத்தனை பாயிண்ட், தங்க அட்டைக்காரர் என்பதால் மேற்கொண்டு எத்தனை, எல்லாம் பச்சை மையில். விமான கம்பெனி அனுப்பும் மாத அறிக்கையை என்னிடம் கொடுத்து, "வாசியுங்கோ" என்பார். நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். அவர் நோட்டில் டிக் போடுவார். ஒரு முறை ஏதோ ஒரு பயணத்துக்கு ஐந்நூறு பாயிண்ட் குறைந்தது. அதற்கு அவர் எழுதிய கடிதத்தின் தொனியில், நம் அரசாங்கம் காவிரிக்காக எழுதியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும்.

"பாயிண்ட்டுங்கறது பணம் இல்ல சாந்தி. மரியாதை" என்பார்.

எங்கள் நிதிப் பிரிவில் ஒரு விதி இருந்தது. எந்த வெளிநாட்டுப் பயணத்துக்கும் மூன்று விமான கம்பெனிகளின் கட்டணம் கேட்டு, குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். சாருடைய கம்பெனி எப்போதுமே குறைந்ததாக இருக்காது. அதனால் பயணக் கோரிக்கையிலேயே, "மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் போய்ச் சேர வேண்டும், பகல் பன்னிரண்டுக்கு மேல் கிளம்பக் கூடாது" என்று நிபந்தனைகள் எழுதுவோம். அந்தச் சல்லடையில் ஒரே ஒரு கம்பெனிதான் மிஞ்சும். மூன்று கடிதங்களில் இரண்டில் 'இயலாது' என்று வந்திருக்கும். ஆடிட்டர் பார்த்து, நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்று பாராட்டி எழுதினார். அந்தச் சல்லடையைப் பின்னியது நான்தான். ரூஸி சேட்டிடம் படித்தவள் என்ற கர்வம்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வருஷக் கடைசியில் தங்க அட்டையைத் தக்கவைக்க மைல் போதாமல் போனால் சாருக்கு சிங்கப்பூரில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். என்ன வேலை என்று கேட்டால், "ரிலேஷன்ஷிப்" என்பார். யாரோடு என்று நாங்கள் கேட்டதில்லை.

இத்தனை பாயிண்டும் எதற்கு? கல்யாணமான இருபத்தைந்தாவது வருஷம் மனைவியோடு முதல் வகுப்பில் நியூசிலாந்து போவதற்கு. அதற்கான வழித்தடத்தை நானும் அவரும் எட்டு முறையாவது போட்டிருப்போம். மனைவி லலிதா மாமியை தீபாவளி விருந்து ஒன்றில் சந்தித்தபோது, "நியூசிலாந்து போகப் போறீங்களாமே" என்றேன். "எனக்கு பிளேன்ல காது அடைக்கும்மா. இவர்கிட்ட நாலு தடவை சொல்லியாச்சு. முதல் வகுப்புல அடைக்காதுங்கறார்" என்றார்.

இனி அந்த டிசம்பர் மாத விஷயம்.

பாஸ்டனில் ஒரு மீட்டிங். எல்லோரும் மேற்கே லண்டன் வழியாகப் போனார்கள். சார் மட்டும் கிழக்கே போனார். பம்பாயிலிருந்து ஹாங்காங், அங்கிருந்து பசிபிக் கடலைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ, பிறகு அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பாஸ்டன். மைல் ஏராளம். நேரமும் அதிகம் என்பதால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். மேற்கு வழியில் போயிருந்தால் மறுநாள் காலை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அந்தக் காலையில் பத்தரை மணிக்கு சிகாகோ ஆபீசிலிருந்து செய்தி வந்தது. அங்கே எங்கள் ஆளாக வேலை பார்த்த முருகேசனின் கார் பனியில் வழுக்கி லாரி மேல் மோதிவிட்டது. தலையில் அடி, இடுப்பு எலும்பு முறிவு. நினைவில்லை. ஓர் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று வேண்டும், குடும்பத்தில் யாராவது வந்தால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்.

முருகேசன் இங்கே புனேயில் ஏரவாடாப் பையன். தகப்பனார் இல்லை. அம்மா அஞ்சலை ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி உருட்டி அவனைப் படிக்க வைத்தவர். சிகாகோ போனதும் அவன் செய்த முதல் காரியம் அம்மாவுக்கு பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கியது. அந்த அம்மா போகவில்லை. "நான் போயிட்டா சப்பாத்தி யாரு போடுவா" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

பதினொன்றரைக்கு அவரையே ஆபீசுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கையில் இன்னும் கோதுமை மாவு காய்ந்திருந்தது. அழவில்லை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "கண்ணு, எவ்ளோ நேரத்துல போலாம்?" என்றார்.

கிறிஸ்துமஸ் சமயம். சாதாரண வகுப்பில் எந்தக் கம்பெனியிலும் எட்டு நாளைக்கு இடமில்லை. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், துபாய், எல்லா வழியும் பார்த்தேன். பிசினஸ் வகுப்பில் அங்கங்கே ஓரிரண்டு இருந்தன. ஆனால் கம்பெனி விதிப்படி ஊழியரின் குடும்பத்துக்கு பிசினஸ் வகுப்பு கிடையாது. விதியைத் தளர்த்தும் அதிகாரம் ஒருவருக்குத்தான். அவர் பசிபிக் கடலுக்கு மேலே இருந்தார். இன்னும் பதினொரு மணி நேரம் அவரைப் பிடிக்க முடியாது. நிதிப் பிரிவுக்காரரிடம் போனேன். "ராகவன் சார் மெயில் ஒண்ணு போட்டாப் போதும், அஞ்சு நிமிஷத்துல பண்ணிடலாம்" என்று மிகவும் அனுதாபமாகச் சொன்னார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சாருடைய கம்பெனி விமானத்தில் அன்று இரவு பிராங்க்பர்ட் வழியாக சிகாகோவுக்கு பிசினஸ் வகுப்பில் ஓர் இடம், பாயிண்டுக்குக் கொடுக்கும் இடமாகவே காலியாக இருந்தது. பாயிண்டை யார் பெயருக்கும் பயன்படுத்தலாம். தேவை இரண்டு: கணக்கின் ரகசிய எண், கணக்குக்காரர் கையெழுத்திட்ட கடிதம். நான்கு மணிக்குள் கடிதம் அவர்களுக்கு ஃபேக்ஸில் போய்ச் சேர வேண்டும். ரகசிய எண் எனக்குத் தெரியும். வியாழக்கிழமைகளில் அந்தக் கணக்கை இயக்கியது நான்தானே. இடத்தை அஞ்சலை அக்கா பெயரில் பிடித்து வைத்துவிட்டு, கடிதத்தை டைப் செய்துகொண்டு, ரிக்ஷா பிடித்து கல்யாணி நகரில் இருந்த சார் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் யோசனை. வேலை போனால் இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்று ஒரு பக்கம். அந்த மாவு காய்ந்த கை இன்னொரு பக்கம்.

லலிதா மாமி கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அவரைக் கேட்க முடியாதா?"

"ராத்திரி பத்து மணிக்குத்தான் இறங்குவார், மாமி."

"கேட்டா என்ன சொல்வார்னு நினைக்கறே?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்னு சொல்வார்."

"யோசிப்பார். நல்லவர்தான். நன்னா யோசிப்பார். அதுக்குள்ள பிளேன் போயிடும்." மாமி எழுந்து போய் பேனா எடுத்து வந்தார். ஒரு தினசரியின் ஓரத்தில்கூடப் போட்டுப் பார்க்காமல், கடிதத்தின் அடியில் ராகவன் சாரின் கையெழுத்தை அச்சாகப் போட்டார். அந்த வளைவு, அடியில் இரண்டு புள்ளி, எல்லாம்.

நான் வாயைப் பிளந்தேன்.

"என்ன பாக்கறே? பசங்க ரிப்போர்ட் கார்டு, ஸ்கூல் லீவ் லெட்டர், அபார்ட்மென்ட் சொசைட்டி மீட்டிங் எல்லாத்துக்கும் இதான் கையெழுத்து. அவர் நிஜமாப் போட்டா ஸ்கூல்ல சந்தேகப்படுவா." பிறகு கொஞ்சம் நிதானித்து, "சாந்தி, யாராவது கேட்டா நான் போட்டேன்னு சொல்லிடு. நீ போட்டேன்னு சொல்லாதே" என்றார்.

மூன்று நாற்பதுக்கு ஃபேக்ஸ் போயிற்று. அது செய்யக்கூடாத காரியம்தான். அதை நியாயப்படுத்த எனக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை. இன்றுவரை தேடவும் இல்லை.

மாலையில் அஞ்சலை அக்காவோடு நானே பம்பாய் டாக்ஸியில் ஏறினேன். வழியெல்லாம் பாடம் நடத்தினேன். ஆங்கிலத்தில் சீட்டுகள் எழுதி நம்பர் போட்டுக் கொடுத்தேன். ஒன்றாம் சீட்டு, 'நான் சிகாகோ போகிறேன், எனக்கு ஆங்கிலம் தெரியாது, உதவுங்கள்'. இரண்டாம் சீட்டு, ஆஸ்பத்திரி முகவரி. மூன்றாவது, 'எனக்கு மாட்டிறைச்சி வேண்டாம்'. சக்கர நாற்காலியும் சொல்லி வைத்திருந்தேன். பாஷை தெரியாத பெற்றோரை அனுப்பும்போது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நாற்காலி கேட்டுவிட்டால் தள்ளிக்கொண்டு போக ஆள் வரும், வழி தேட வேண்டியதில்லை.

"காலு நல்லாத்தானே இக்குது?" என்றார் அக்கா.

"காலுக்கு இல்லக்கா, வழிக்கு."

"அவங்க கேட்டா?"

"முட்டி வலின்னு சொல்லுங்க."

"பெத்த புள்ளய பாக்கப் போறப்ப வலி கிலின்னு வாயால சொல்ல மாட்டேன்" என்று முடித்துவிட்டார். பிறகு லோனாவ்லா தாண்டும்வரை சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு முறை, "உசுரோட இருப்பானா கண்ணு?" என்றார். பிராங்க்பர்ட்டில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன்.

மறுநாள் காலை ராகவன் சாரின் போன் வந்தது. வந்து இறங்கியதும் கணக்கைப் பார்த்திருக்கிறார்.

"சாந்தி, யாரோ என் அக்கவுன்ட்ல புகுந்துட்டா!"

சொன்னேன். விபத்தை, அம்மாவை, ஃபேக்ஸை. ஒரு மனிதருக்குள் நல்லவரும் நோட்டுக்காரரும் வாதாடுவதை அமெரிக்காவிலிருந்து கேட்க முடிந்தது.

"பிசினஸ் கிளாஸா?"

"வேற இடமே இல்ல சார்."

"லலிதா கையெழுத்துப் போட்டாளா?"

"ஆமாம் சார்."

"எப்படிப் போட்டா?"

"உங்க கையெழுத்து மாதிரியே சார்."

"கோல்டு போயிடாதே?"

"போகாது சார். அது பறந்த மைலை வெச்சுத்தான். செலவு பண்ணதைப் பார்க்க மாட்டாங்க."

பெருமூச்சு பசிபிக் தாண்டி வந்தது. "சரி. பையன் எப்படி இருக்கான்?" என்றார். அந்தக் கேள்வி கடைசியில் வந்தது என்று குறை சொல்வதா, வந்ததே என்று சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. சிகாகோ ஆபீஸ்காரர்கள், ஓர் உயரதிகாரி தன் சொந்தப் பாயிண்டுகளைக் கொடுத்து ஊழியரின் தாயை அனுப்பி வைத்தார் என்று அமெரிக்கத் தலைமைக்கு எழுதிவிட்டார்கள். தலைவர் உலகம் முழுக்க இருந்த எங்கள் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் மெயில் போட்டார். ராகவன் சார், "எந்த மனிதனும் செய்யக்கூடியதைத்தான் நான் செய்தேன்" என்று அடக்கமாகப் பதில் எழுதினார். திரும்பி வந்ததும் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதன்பின் ஊழியர்கள் தங்கள் பாயிண்டுகளை அவசர நிதிக்குத் தரலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் தனக்கு விலக்கு. அந்த வருஷ மதிப்பீட்டுப் படிவத்தில் என்னைப் பற்றி, 'முன்முயற்சி உள்ளவர். முன் அனுமதி பெறுவதில் முன்னேற்றம் தேவை' என்று எழுதினார். ரகசிய எண்ணையும் மாற்றிவிட்டார். இரண்டு வாரம் கழித்து மாற்றிய எண்ணை மறந்துபோய், என்னிடம்தான் வந்து சரிசெய்யச் சொன்னார்.

முருகேசனுக்குப் பதினோராம் நாள் நினைவு வந்தது. கண் திறந்ததும் அம்மாவைப் பார்த்துவிட்டு, தான் ஏரவாடாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "மெஸ்ஸுக்குப் போகலியா?" என்று கேட்டானாம். ஏப்ரலில் இருவரும் திரும்பி வந்தார்கள். அவன் கைத்தடியோடு நடந்தான். பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார். டப்பாவில் பூரண போளி. பயணத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். சக்கர நாற்காலி வந்ததாம். அதில் பையை மட்டும் உட்கார வைத்துவிட்டு, தள்ளியவன் பக்கத்திலேயே நடந்து போனாராம். வழியில் அவனுக்குக் கை வலிக்கும் என்று கொஞ்ச தூரம் இவரே தள்ளினாராம்.

"ஆனா கண்ணு, அந்தப் பிளேன் குர்ச்சியில ராத்திரி பூரா நெட்டுக்குத்தா உக்காந்து காலு மரத்துப்போச்சு. பக்கத்துல ஒரு ஆளு, கிளம்புன கொஞ்ச நேரத்துல நீட்டிப் படுத்துட்டான். பாவம், உடம்பு சரியில்ல போலன்னு நெனச்சேன். பாத்தா எல்லாரும் படுத்துக்கினு இக்கறாங்க."

"அக்கா, உங்க குர்ச்சியும் அப்படிப் படுக்கையாகும்!"

"அப்படியா? எதை அமுக்கணும்?"

அந்த இருக்கையின் எண், அகலம், எந்த வரிசையில் கால் வைக்க இடம் அதிகம், எத்தனை பாயிண்ட், எல்லாம் தெரியும். ஆனால் அந்த வகுப்புக்குள் நான் கால் வைத்ததில்லை. அதை விடுங்கள், அத்தனை வருஷத்தில் விமானத்திலேயே ஒரு முறைதான் ஏறியிருந்தேன், புனேயிலிருந்து டெல்லிக்கு, அதுவும் ஏஜென்சி காலத்தில்.

"கேட்டுச் சொல்றேங்க்கா" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நோட்டோடு வந்த ராகவன் சாரிடம் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் இருக்கையின் படம் வரைந்தார். வலது கைப்பிடியின் உள்பக்கம் மூன்று பொத்தான், நடுவில் இருப்பதை விடாமல் அழுத்த வேண்டும், முதலில் கால் பக்கம் எழும்பும், அப்புறம்தான் முதுகு சாயும், தலையணையை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும், விளக்கு இந்தப் பக்கம், போர்வை கேட்டால் இரண்டாவதும் தருவார்கள். அரை மணி நேரம் விளக்கினார். தாளைக் கிழித்து, மடித்து, என் கையில் கொடுத்தார்.

யாருக்கு என்று மட்டும் அவர் கேட்கவில்லை.